வருடம் திரும்பாத துக்கத்தோடு தீபாவளி வீட்டுக்கு விருந்தாளியாகப் போகலாமா?

கேள்வி: நான் ஈரோட்டைச் சேர்ந்தவள், வயது 26. அலுவலகப் பணிக்காக மூன்று மாதம் கோலாலம்பூரில் தங்கப் போகிறேன். தீபாவளி அந்த நாட்களுக்குள் வருகிறது. என்னுடன் பணிபுரியும் மலேசியத் தோழி, பேராக் மாநிலத்தில் சுங்கை சிப்புட்டில் உள்ள தன் பெற்றோர் வீட்டுக்கு வந்து நான்கு நாள் தங்கும்படி அழைத்திருக்கிறாள். எனக்கு இரண்டு தயக்கங்கள். என் அப்பா காலமாகித் தீபாவளியன்று எட்டு மாதம்தான் ஆகியிருக்கும். எங்கள் வீட்டில் இந்த ஆண்டு பண்டிகை இல்லை. “வருடம் திரும்பாமல் பண்டிகை வீட்டுக்குப் போகாதே” என்கிறார் அம்மா. மறுநாளே “நீயாவது நாலு பேரோடு இரு” என்றும் சொல்கிறார். அடுத்தது, தீபாவளிக்கு முந்தைய மாலை அவர்கள் வீட்டில் இறந்தவர்களுக்கு ஆட்டிறைச்சியும் மதுவும் வைத்துப் படைப்பார்களாம். நான் சைவம். அப்பாவை இழந்த நான் அந்த இடத்தில் எப்படி நிற்பேன் என்று தெரியவில்லை. போகலாமா? போனால் எப்படி நடந்துகொள்வது, என்ன கொண்டு போவது?

பதில்: அன்புள்ள வாசகிக்கு, வணக்கம்.

நீங்கள் போகலாம் என்பதே என் கருத்து. ஆனால் உங்கள் அப்பா காலமான செய்தியைத் தோழியிடம் மட்டுமல்லாமல் அவளுடைய அம்மாவிடமும் நீங்களே முன்கூட்டிச் சொல்லிவிட வேண்டும். உங்கள் அம்மாவும் அந்த அம்மாவும் ஒரு முறையாவது தொலைபேசியில் பேசிக்கொள்ள வேண்டும். இவை இரண்டும் நடக்காமல் நீங்கள் அந்த வீட்டு வாசலில் போய் நிற்பதை நான் விரும்பவில்லை. காரணத்தை விரிவாகவே சொல்கிறேன். நான் சுங்கை சிப்புட்டை ஒட்டியிருந்த ஒரு ரப்பர் தோட்டத்தின் லயத்து வீட்டில், அதாவது தொழிலாளர்களுக்கென வரிசையாகக் கட்டிய வீடுகளில் ஒன்றில், பிறந்து வளர்ந்தவள். பல ஆண்டுகளாகக் குடும்பநல ஆலோசகராக இருப்பவள். உங்கள் கடிதத்தை இந்த இரண்டு நிலையிலிருந்தும் படித்தேன்.

தமிழ்நாட்டில் பலருக்குத் தீபாவளி அதிகாலை எண்ணெய்க் குளியலோடுதான் தொடங்குகிறது. எங்கள் தோட்டப்புற வீடுகளில் அது முந்தைய மாலையே, இறந்தவர்களை அழைப்பதிலிருந்து தொடங்கிவிடுகிறது. தீபாவளி ஐப்பசித் தேய்பிறைச் சதுர்த்தசியில் வருவதையும், அடுத்து வரும் அமாவாசை முன்னோருக்கு உரியது என்பதையும் நீங்கள் அறிவீர்கள். ஆகவே இந்த வழக்கம் உங்களுக்கு அந்நியமானதாக இருக்க வேண்டியதில்லை. மாலையில் வீட்டைக் கழுவித் துடைத்து, தாத்தா, பாட்டி, சின்ன வயதில் போய்விட்ட பெரியப்பா ஆகியோரின் படங்களுக்குப் பூச்சரம் சாற்றுவார்கள். புது வேட்டியும் சேலையும் படத்தின் முன் வைப்பார்கள். தலைவாழை இலையில் சோறு, ஆட்டுக்கறி, கோழி, மீன், முட்டை, முறுக்கு, அதிரசம் என்று பரிமாறுவதோடு, அவரவர் உயிரோடு இருந்தபோது எதை விரும்பினார்களோ அதையும் தேடி வாங்கி வைப்பார்கள். வெற்றிலை போட்ட பாட்டிக்கு வெற்றிலை, சுருட்டுப் பிடித்த தாத்தாவுக்குச் சுருட்டு, நாளெல்லாம் ரப்பர் மரத்தைக் கீறிப் பால் எடுத்துவிட்டு மாலையில் ஒரு குவளை கள் குடித்தவருக்கு அந்தக் குவளை. பிறகு சூடம் காட்டி, வந்து சாப்பிடும்படி பெயர் சொல்லி அழைத்துவிட்டு, கதவைச் சாத்தி எல்லோரும் சற்று நேரம் வெளியே நிற்பார்கள். காகத்துக்கு ஒரு பிடி வைத்த பிறகுதான் வீட்டார் கை நனைப்பார்கள். வைக்கும் பொருள்களும் அழைக்கும் முறையும் வீட்டுக்கு வீடு மாறுபடும். முழுக்கச் சைவமாகவே படைக்கும் குடும்பங்களும் உண்டு.

நான் இதை இவ்வளவு நீட்டிச் சொல்வதற்குக் காரணம், நீங்கள் போகும் வீட்டை ‘மகிழ்ச்சி மட்டுமே இருக்கும் வீடு’ என்றும், உங்களை ‘துக்கத்தைச் சுமந்து வருபவள்’ என்றும் பிரித்து வைத்துக்கொண்டு நீங்கள் அஞ்சுவதுதான். அன்று மாலை அந்தக் கூடத்தில் கண் கலங்காத பெரியவர்கள் இருந்தால்தான் எனக்கு வியப்பாக இருக்கும். எனக்குப் பதினேழு வயதில் அப்பா இறந்தார். அந்த ஆண்டு எங்கள் வீட்டில் எண்ணெய்ச் சட்டி அடுப்பில் ஏறவில்லை. அம்மா கோலமும் போடவில்லை. விடிந்ததும் லயத்தின் இரு பக்கத்திலிருந்தும் மூடிய தட்டுகளில் பலகாரம் வந்துகொண்டே இருந்தது. எங்கள் வீட்டில் முறுக்கு சுடவில்லை என்பதற்காகவே அவர்கள் அதிகமாகச் சுட்டிருந்தார்கள் என்பது பின்னால்தான் எனக்குத் தெரிந்தது. அடுத்த ஆண்டு அம்மா அப்பாவுக்கு முதல் படையல் போட்டபோது, அவர் புகைத்த சுருட்டை வாங்கிவர என்னைத்தான் கடைக்கு அனுப்பினார். அந்தச் சுருட்டைக் கையில் வைத்துக்கொண்டு நடந்த தூரத்தில்தான் நான் அவருக்காக முதன்முறையாக முழுமையாக அழுதேன். ஆகவே படையலின் முன் நிற்கும்போது உங்களுக்கு என்ன நேரும் என்று எனக்கு ஓரளவு தெரியும். அழுகை வந்தால் அடக்க வேண்டாம். எழுந்து சமையலறைக்கோ பின்கட்டுக்கோ போய்விட்டு, முகம் கழுவித் திரும்பி வரலாம். ஏன் என்று யாரும் கேட்க மாட்டார்கள்.

ஆனால் இதெல்லாம் அவர்களுக்கு முன்பே தெரிந்திருந்தால் மட்டுமே பொருந்தும். எங்கள் மக்களிலும், வருடம் திரும்பாதவர்கள் பண்டிகை வீட்டுப் பூசையறைக்குள் நுழைவதையோ படையல் பொருளைத் தொடுவதையோ ஏற்காதவர்கள் இருக்கிறார்கள். அதைப் பொருட்படுத்தாதவர்களும் இருக்கிறார்கள். தோழி உங்களை அன்பினால் அழைத்தாள். அந்த வீட்டின் வழக்கத்தை முடிவு செய்பவர் அவளுடைய அம்மாவாகவோ பாட்டியாகவோதான் இருப்பார். அவரிடம், “அத்தை, எங்கள் அப்பா தவறி இன்னும் வருடம் திரும்பவில்லை. உங்கள் வீட்டு வழக்கத்துக்கு இது ஒத்துவருமா என்று தயங்காமல் சொல்லுங்கள், தீபாவளி கழிந்து மறுவாரம் வந்தாலும் எனக்கு மகிழ்ச்சிதான்” என்று சொல்லுங்கள். மறுப்பதற்கு அவருக்கும் ஒரு வழி விட்டுவைக்கும் கடைசிப் பகுதியை விட்டுவிடாதீர்கள். பெரும்பாலும் “அதனாலென்ன, வா பிள்ளை” என்றுதான் பதில் வரும். ஒருவேளை மறுவாரம் வரச் சொன்னால் அதை அவமதிப்பாகக் கருத வேண்டாம். பலகாரம் அப்போதும் மிச்சமிருக்கும், வீட்டாருக்கும் உங்களோடு உட்கார்ந்து பேச நேரம் இருக்கும்.

அழைப்பு உறுதியானால், நீங்கள் அங்கே இருப்பதையும் கொண்டாடுவதையும் தனித்தனியாகப் பார்த்துக்கொள்ளுங்கள். எண்ணெய் தேய்த்துக் குளிப்பது, புத்தாடை உடுத்துவது, கோயிலுக்குப் போவது ஆகிய மூன்றிலும் உங்கள் வீட்டு வழக்கம் எதுவோ அதை அம்மாவிடம் கேட்டு அப்படியே செய்யுங்கள். காலையில் எல்லோரும் கோயிலுக்குக் கிளம்பும்போது, “நான் பாட்டிக்குத் துணையாக வீட்டில் இருக்கிறேன்” என்று சொல்லிவிட்டால் போதும். விளக்கம் கேட்காமல் புரிந்துகொள்வார்கள். அவர்கள் உங்களுக்குப் புத்தாடை எடுத்து வைத்திருக்கக்கூடும். அதை இரு கைகளாலும் வாங்கி, “வருடம் திரும்பியதும் முதலில் இதைத்தான் உடுத்துவேன்” என்று சொல்லிப் பெட்டியில் வைத்துக்கொள்ளுங்கள். வேண்டாம் என்று திருப்பித் தருவது அவர்களை வருத்தும். “உன் அப்பாவின் படத்தையும் கொண்டு வா, சேர்த்தே படைத்துவிடலாம்” என்று அந்த அம்மா சொன்னாலும் வியப்பதற்கில்லை. பல குடும்பங்களில் ஆண்டு நிறைவுச் சடங்கு முடியுமுன் இறந்தவரைப் படையலில் சேர்ப்பதில்லை. உங்கள் வீட்டில் எப்படி என்பதை முடிவு செய்ய வேண்டியவர் உங்கள் அம்மாதான். நீங்களாக இதைக் கேட்கவும் வேண்டாம், அவர்கள் கேட்டால் அம்மாவைக் கலக்காமல் ஒப்புக்கொள்ளவும் வேண்டாம்.

இதைவிட முக்கியமானது, வேலையில் கை கொடுப்பது. தீபாவளிக்கு முந்தைய நாட்களில் அந்த வீட்டுப் பெண்கள் முறுக்கு பிழிந்துகொண்டும், நெய்யுருண்டை பிடித்துக்கொண்டும், அச்சு முறுக்குக்கு மாவு கரைத்துக்கொண்டும் இருப்பார்கள். பண்டிகையன்று காலையில் வந்து இறங்கும் விருந்தாளிக்கு அந்த வீடு ஒரு வரவேற்பறையாகத்தான் தெரியும். இரண்டு நாள் முன்னதாகப் போய், முறுக்கு உரலைப் பிடித்துக்கொண்டு சமையலறைத் தரையில் உட்கார்ந்தவளுக்கு வீட்டுக் கதைகளெல்லாம் தாமாக வந்து சேரும். துக்கத்தில் இருப்பவர்களுக்குக் கைக்கு வேலை இருப்பது நல்லது என்பதை என் தொழிலில் நான் திரும்பத் திரும்பக் கண்டிருக்கிறேன். பலகார வேலையில் நீங்கள் கை வைக்கலாமா என்பதையும் அந்த அம்மாவிடமே கேட்டுக்கொள்ளுங்கள். கூடாதென்றால் வீடு துடைக்கவும் பாத்திரம் கழுவவும் யாரும் தடை சொல்லப் போவதில்லை.

உணவைப் பற்றி நீங்கள் இவ்வளவு அஞ்ச வேண்டியதில்லை. புரட்டாசி முழுவதும் மரக்கறி மட்டுமே உண்டு விரதம் காக்கும் குடும்பங்கள் மலேசியாவில் ஏராளம்; ஆகவே சைவம் என்ற சொல் யாருக்கும் புதிதன்று. ஆனால் அதன் எல்லையை நீங்கள்தான் தெளிவாகச் சொல்ல வேண்டும். முட்டை சேர்த்த கேக்கும் பிஸ்கட்டும் உண்பீர்களா, கறி கிளறிய கரண்டியால் பரிமாறினால் ஏற்பீர்களா என்பதை முன்பே சொல்லிவிடுங்கள். கடைத்தெருவில் சாப்பிடும்போது கூடுதல் கவனம் தேவை. காய் மட்டுமே போட்டுப் பிரட்டியதுபோல் தோன்றும் பதார்த்தத்தில் நெத்திலிக் கருவாடோ, பெலாச்சான் என்னும் இறால் விழுதோ கலந்திருக்கக்கூடும். தீபாவளிக் காலையில் பெரும்பாலான வீடுகளில் இட்லி அல்லது தோசையோடு ஆட்டுக்கறிக் குழம்புதான் இருக்கும். உங்களுக்கென்று சாம்பாரும் சட்டினியும் தனியாக வைக்கும் வேலையை அந்த அம்மாவின் தலையில் சுமத்தாமல், முந்தைய இரவே நீங்கள் செய்து வைத்துவிடலாம். படையலின்போது இலையைப் பார்த்து முகத்தைச் சுளிக்காமல், கைகட்டி நின்று, சூடத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டால் அதுவே நிறைவான மரியாதை. இறைச்சியையும் மதுவையும் நீங்கள் தொட வேண்டுமென்று யாரும் எதிர்பார்க்க மாட்டார்கள். அது அவர்களுடைய தாத்தாவுக்கு அவர்கள் செய்யும் உபசாரம். இன்னொரு யோசனையும் உண்டு. தீபாவளிக்கு மறுநாள் எல்லோரும் கறியிலும் எண்ணெயிலும் சலித்துப் போயிருக்கும் மதிய வேளையில், உங்கள் ஊர் அரிசிம்பருப்புச் சோற்றை நெய் விட்டுச் சமைத்துப் போடுங்கள். அந்த வீட்டில் பல ஆண்டுகளுக்கு அதைச் சொல்லிக்கொண்டிருப்பார்கள்.

பேச்சைப் பற்றியும் ஒன்று சொல்லியாக வேண்டும்; இதில் எனக்குச் சற்று ஆற்றாமையே உண்டு. தமிழ்நாட்டிலிருந்து வரும் விருந்தினர் பலர், எங்களோடு ஐந்து நிமிடம் பேசியதும் “அட, நீங்கள் நன்றாகத் தமிழ் பேசுகிறீர்களே!” என்று பாராட்டுகிறார்கள். நல்ல மனத்தோடு சொல்வதுதான். ஆனால் கேட்பவருக்கு அது வலிக்கிறது. 1816-இல் பினாங்கில் தொடங்கிய தமிழ்க் கல்வி, இன்று நாடு முழுவதும் 500-க்கும் மேற்பட்ட தமிழ்ப் பள்ளிகளாக நிலைத்திருக்கிறது. அவற்றுள் பலவற்றைத் தோட்டத் தொழிலாளர்கள்தாம் தங்கள் உழைப்பாலும் சிறு சிறு நன்கொடையாலும் தாங்கி நிறுத்தினார்கள். அவர்களுடைய தமிழில் உங்களுக்குப் புதிதாகப் படுவதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். காலையில் “பசியாறிட்டியா?” என்று கேட்டால் சாப்பிட்டாயா என்று பொருள். பணத்தை வெள்ளி என்பார்கள். குடியிருப்புப் பகுதியைத் தாமான் என்பார்கள். “உங்கள் பூர்வீகம் எந்த ஊர்?” என்று நீங்களாக முதலில் கேட்க வேண்டாம். மூன்று நான்கு தலைமுறைக்கு முன் கப்பலேறியவர்களின் ஊர்ப்பெயர் பல குடும்பங்களில் மறந்துபோய்விட்டது. சிலருக்கு அது இன்னும் ஆறாத குறை. சாதியைத் தொடும் எந்தக் கேள்வியும் கூடவே கூடாது.

அதற்குப் பதிலாக, தோட்டத்து வாழ்க்கையைப் பற்றித் தோழியின் அப்பாவிடம் கேளுங்கள். விடியுமுன் பெரட்டுக்கு, அதாவது ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்கு, போய் நின்றது, மழை பெய்தால் ரப்பர் பால் எடுக்கும் பால்வெட்டு நின்று கூலியும் நின்றது, ரப்பரை அழித்துச் செம்பனை என்னும் எண்ணெய்ப் பனை நட்டது என்று அவர் சொல்லிக்கொண்டே போவார். வெள்ளைக்காரர்களின் பெருந்தோட்டங்கள் துண்டாடி விற்கப்பட்டுத் தொழிலாளர்கள் தெருவுக்கு வந்த காலத்தில், அவர்களிடமே சிறுகச் சிறுகப் பணம் திரட்டித் தோட்டங்களை வாங்குவதற்காக 1960-இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கிய துன் வீ. தி. சம்பந்தன் சுங்கை சிப்புட்காரர். அந்தப் பெயரை எடுத்தால் பெரியவர்களின் முகம் மாறுவதை நீங்கள் பார்க்கலாம். படையலில் மாலையிட்டு வைத்திருக்கும் படங்களில் இருப்பவர்கள் இந்தக் காலத்தைக் கடந்து வந்தவர்கள். இந்தக் கதைகளை முன்பே கேட்டுக்கொண்டவளுக்கு, அந்த இலையில் கள் குவளை ஏன் இருக்கிறது என்பது தானாகவே விளங்கும்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தீபாவளியன்று ‘திறந்த இல்ல உபசரிப்பு’ என்ற பெயரில் சீன, மலாய் அண்டை வீட்டாரும் வருவார்கள். முஸ்லிம் விருந்தினர் மனத்தடையின்றி உண்ண வேண்டும் என்பதற்காகவே ஹலால் இறைச்சி வாங்கும் வீடுகள் பல. ஆகவே வெளியிலிருந்து சமைத்த உணவெதையும் கேட்காமல் கொண்டு போக வேண்டாம். மலாய் ஆண்கள் தாமாகக் கை நீட்டினாலொழிய நீங்கள் கை நீட்ட வேண்டாம். வணக்கம் சொல்லி ஒரு புன்னகை போதும். சீனரிடமிருந்து நாங்கள் எடுத்துக்கொண்ட வழக்கப்படி, பெரியவர்கள் பிள்ளைகளுக்கும் மணமாகாதவர்களுக்கும் உறையில் பணம் வைத்துத் தருவார்கள். அதை அங்பாவ் என்போம். உங்களுக்கும் கிடைக்கும், மறுக்காதீர்கள், அவர்கள் முன்னால் பிரிக்கவும் வேண்டாம். வேலைக்குப் போகும் பெண் என்பதால் அந்த வீட்டுக் குழந்தைகளுக்கு ஆளுக்கு ஐந்து வெள்ளி உறையிலிட்டுக் கொடுத்தால் அழகாக இருக்கும். பண்டிகை வாரத்தில் கோலாலம்பூரிலிருந்து வடக்கே போகும் இரயில் இருக்கைகள் வெகு முன்னதாகவே தீர்ந்துவிடும் என்பதால், வந்திறங்கிய முதல் வாரத்திலேயே பதிவு செய்யுங்கள். ஈப்போ வரை ஏறத்தாழ இரண்டரை மணி நேரப் பயணம். அங்கிருந்து சுங்கை சிப்புட் சுமார் 30 கிலோமீட்டர். மாலையில் இடியோடு மழை கொட்டும் பருவம் அது, குடை வைத்துக்கொள்ளுங்கள்.

அன்பளிப்பாகச் சேலை வாங்கலாமா என்று யோசித்துக் குழம்ப வேண்டாம். ஈரோட்டிலிருந்து வருபவளுக்குப் பவானி ஜமக்காளத்தைவிடப் பொருத்தமான பொருள் எனக்குத் தோன்றவில்லை. பெட்டியில் மடித்து வைக்கும் அளவில் ஒன்று வாங்கி வாருங்கள். சுங்கச் சோதனையில் உணவுப்பொருள்போல் கேள்விக்கு உள்ளாகாது. படையலன்று மாலை கூடத்தில் எல்லோரும் உட்காரும்போது அதை விரிக்கச் சொல்வார்கள்.

கடைசியாக உங்கள் அம்மா. “போகாதே” என்றும் “நீயாவது நாலு பேரோடு இரு” என்றும் அவர் மாறி மாறிச் சொல்வதை முரண்பாடாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அப்பா இல்லாத முதல் தீபாவளி அவருக்கும் இதுதான். மகளும் அருகில் இல்லாமல் அந்த நாளைக் கழிக்கப் போகிறார். ஊர் என்ன சொல்லும் என்ற அச்சம் அவருடைய முதல் வாக்கியத்தில் இருக்கிறது. அதைவிட ஆழமாக, தன் துக்கத்திலிருந்து மகள் விலகிப் போய்விடுவாளோ என்ற தவிப்பும் இருக்கக்கூடும். நீங்கள் வழக்கத்தைப் பற்றி வாதிடுவதால் அந்தத் தவிப்பு தீராது. அங்கே மாலையில் இறந்தவர்களுக்குப் படைப்பார்கள் என்பதையும், அதைப் பார்த்தால் அப்பா நினைவு வருமே என்று நீங்கள் அஞ்சுவதையும் எனக்கு எழுதியதைப்போலவே அம்மாவிடம் சொல்லுங்கள். அன்று அவர் வீட்டில் தனியாக இருக்காதபடி உறவில் யாரையாவது வந்து இருக்கச் சொல்லுங்கள்.

பிறகு இரண்டு அம்மாக்களையும் பேச வையுங்கள். மலேசிய நேரம் உங்கள் ஊர் நேரத்தைவிட இரண்டரை மணி முன்னால் இருக்கிறது. இங்கே ஐந்து மணிக்கு எண்ணெய் தேய்க்கும்போது ஈரோட்டில் இரவு இரண்டரை. அந்த நேரத்தில் அழைத்து அம்மாவைப் பதற வைத்துவிடாதீர்கள். ஈரோட்டில் மாலை ஆறு மணிக்கு உங்கள் அம்மா அழைத்தால் இங்கே எட்டரை. அடுப்பு வேலை முடிந்து, ஆறிய முறுக்கைச் சிவப்பு மூடி போட்ட போத்தல்களில் அடுக்கிக்கொண்டு அந்த அம்மா ஓய்வாக உட்கார்ந்திருப்பார். அவற்றில் ஒரு போத்தலை உங்கள் அம்மாவுக்கென்று எடுத்து வைக்கவும் அப்போதே சொல்லிவிடுவார்.